பெல்ட் காட்சி

"அந்த பெல்ட் சீனை நீங்க எடுக்கக் கூடாது. எடுக்க மாட்டேன்னு சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

பத்திரிகையில் இயக்குநரின் பேட்டியைப் படித்துவிட்டு வந்து, நேற்று வாசல் காவலர்களால் திருப்பி அனுப்பப்பட்ட அந்த அம்மாள், இன்று எப்படியோ படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். ராணுவ முகாம் போலப் போட்டிருந்த செட்டின் நடுவே, ஒரு மரப்பெட்டியின் மேல் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் சுன்ரே. அறுபதைத் தாண்டியவள்.

அவளை வெளியே அனுப்பச் சொல்ல இயக்குநர் குக் தேயிலுக்கு வாய் வரவில்லை. படம் என்னவோ ஹெலிகாப்டரும் குண்டுவெடிப்புமாகப் போகிற அதிரடிப் படம்தான். ஆனால், கமாண்டோக்கள் துரத்துகிற அந்த வில்லன், தன் கீழே இருந்த இளம் சிப்பாயை அடித்தே கொன்ற லெப்டினன்ட், நிஜமாகவே இருந்தவன். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். "எங்க வீட்டுப் பையன் அந்த முகாம்லதான் இருந்தான்" என்று அம்மாள் சொன்னதுமே மொத்த யூனிட்டும் எழுந்து நின்றது. யாரோ ஓடிப்போய்ச் சூடாகப் பார்லி டீ கொண்டுவந்தார்கள். அவள் தொடவில்லை.

லெப்டினன்டாக நடிக்கும் ஜின்வூதான் அதிகம் நெளிந்தான். சற்று முன்புதான், அவள் கண்ணெதிரே ஒரு பையனை மண்டியிட வைத்து, இரும்புத் தொப்பியால் அடித்து ஒத்திகை பார்த்திருந்தான். கையெல்லாம் சிவப்புச் சாயம். அவள் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்க இதையெல்லாம் பார்த்திருக்கக் கூடாது."

"நல்லாத்தான் அடிக்கிறே தம்பி. ஆனா கத்துறே. அவன் கத்த மாட்டான்."

"உங்களுக்கு எப்படிம்மா..."

"கோர்ட்டுல ஒரு நாள் விடாம உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சொன்னதையும் கேட்டேன். அடிச்சுக்கிட்டே, 'குளிருதா?'ன்னு விசாரிப்பானாம். அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு, உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுவானாம்."

மாதக்கணக்காகப் புத்தகங்கள் படித்து, கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்துப் பழகியவன் ஜின்வூ. இப்படி ஒன்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

குக் தேயில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அவன் செஞ்ச கொடுமையை நாங்க குறைச்சுக் காட்டலையே. பெல்ட் சீன்ல என்ன தப்பு? சின்ன வயசுல குடிகார அப்பன் அவனை பெல்ட்டால விளாசுறான். அதனாலதான் பின்னாடி மிருகமாகுறான். ஒரு காரணம் வேணும்மா. இல்லேன்னா ஜனங்களுக்குப் புரியாது."

"புரிய வேண்டாம்."

"என்னது?"

"யாருக்குத்தான் புரிஞ்சுது? ஜட்ஜுக்குப் புரிஞ்சுதா? வரிசையா டாக்டருங்க வந்து பேசினாங்களே, அவங்களுக்குப் புரிஞ்சுதா? எவனும் அவனை அடிக்கல. யாரும் பட்டினி போடல. அவன் அப்படித்தான் இருந்தான். அதை அப்படியே காட்டுங்க. இல்லாத அடியைக் காட்டி, ஜனங்களை அவனுக்காக அழ வைக்காதீங்க."

"செட் போட்டாச்சும்மா. அப்பனா நடிக்கிறவர் மேக்கப்போட காத்திருக்கார். உங்க வேதனை புரியுது. ஆனா இது என் படம்."

"உன் படம்தான். நான் இல்லேங்கல. நான் இப்படியே இருந்துக்குறேன்."

பனி தூற ஆரம்பித்தது. அவள் தலையிலும் தோளிலும் வெள்ளையாகப் படிந்தது. தட்டிவிடக்கூட இல்லை. ஜின்வூ தன் ராணுவக் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தப் போனான். அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"இந்த உடுப்பு வேண்டாம் தம்பி. கிட்டேயே கொண்டு வராதே."

ஜின்வூ கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு இயக்குநரிடம் திரும்பினான்.

"சார், கடைசியில வில்லன் சாகும்போது அப்பன் பெல்ட்டால அடிச்சதைச் சொல்லுற வசனத்தை நான் பேச மாட்டேன்."

"விளையாடுறியா?"

"என்னை மாத்தினாலும் மாத்துங்க. நான் பேச மாட்டேன்."

குக் தேயில் அவனை முறைத்தார். மரப்பெட்டியில் அசையாமல் இருந்தவளை முறைத்தார். பக்கத்தில் இருந்த மணல் மூட்டையை ஓங்கி உதைத்தார். அது வெறும் பஞ்சு, எங்கோ பறந்து போய் விழுந்தது.

"சரி, வசனத்தையும் பெல்ட் சீனையும் தூக்கிடுறேன். ஒரு காரணமும் இல்லாதவனாவே நடி. படம் படுத்துச்சுன்னா உன் சட்டையைத்தான் பிடிப்பேன்!"

அம்மாள் எழுந்து, எல்லாருக்கும் ஒரு முறை குனிந்து வணங்கிவிட்டு நடந்தாள். ஜின்வூ பேருந்து நிறுத்தம்வரை கூடவே போனான். கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக் கடைசியில் கேட்டேவிட்டான்.

"அம்மா, உங்க மகன் சமாதி எங்கே இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு அந்தக் கொலை சீன்ல நடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்க் கும்பிட்டுட்டு வரணும்."

"செத்த பையன் ராணுவக் கல்லறையில இருக்கான் தம்பி. வருஷா வருஷம் போறேன். கேட்டோட நின்னுட்டுத் திரும்பிடுவேன். அவனைப் பெத்தவ உள்ளே உட்கார்ந்திருப்பா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவனைக் கொன்னவன்தான் என் பிள்ளை. அவங்கப்பா கண்ணை மூடுற வரைக்கும் அவன் மேல ஒரு அடி வச்சதில்ல தம்பி."