ஏமாறாத கண்

யுத்தநிறுத்த காலம் என்பதால் திருகோணமலைத் துறைமுகத்தடியில் மாபெரும் இரத்தினக்கல் கண்காட்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த இரத்தினக்கல் நிபுணர் கலாநிதி குலசிங்கம், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, சனங்கள் கொண்டுவந்த கற்களை அசலா போலியா என்று இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ட கண்ணை ஒருத்தரும் ஏமாத்தேலாது" என்பதை யாரும் கேட்காமலே சொன்னார்.

மூதூர் ஸஹாப்தீன் முதலாளி நீலக்கல் மோதிரத்தை நீட்டினார்.

"கண்ணாடித் துண்டு, முதலாளி."

"உம்மாவுக்கு வாப்பா போட்டது, சேர்."

"அப்ப உம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்தது அன்புவழிபுரம் கமலாதேவி. காலையிலிருந்து வரிசையில் நின்றவள், கைக்குட்டை முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. எதெண்டாலும் உள்ளதைச் சொல்லுவன்."

"ஓம் ஐயா, அதுக்குத்தான் வந்தனான்."

முடிச்சை அவிழ்த்து, பத்திரிகையில் வெட்டிய படமொன்றை விரித்து வைத்தாள்.

"தடுப்பு முகாம் படம் ஐயா. பின்வரிசையில நிக்கிறது என்ட மகனோ எண்டு பாருங்கோ. பிடிச்சுக்கொண்டு போனாப்பிறகு ஒரு கதையும் இல்லை."

கலாநிதி குனிந்தார். லென்ஸுக்குள் முகம் கலைந்து வெறும் கறுப்பு மைப்புள்ளிகளாகக் கிடந்தது. அவர் தலை நிமிரவில்லை. வரிசை காத்திருந்தது.

"அவசரமில்லை ஐயா," என்றாள் கமலாதேவி. "வடிவாப் பாருங்கோ."