வேலிக்கு வெளியே ஒரு லத்தீன் பண்டிதர்

தலைக்குள் ஒன்று, தலைமேல் ஒன்று. லத்தீனில் இரண்டின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை. எவை, சொல்லுங்கள்?

வேலிக்கு வெளியே நின்ற நரி, "செவலையக்கா, உன் குட்டி 'செரிப்ரல்'! காட்டுக்குள் இருக்கும் என் பள்ளிக்கு அனுப்பு," என்றது.

செவலை ஆடு பக்கத்தில் நின்ற குட்டிக்கு முன்னால் வந்து நின்றது. "அப்படியென்றால்?"

"மூளைக்காரன். லத்தீனில் பிறந்த சொல். பிரெஞ்சில் சிந்தனையாளரை அப்படித்தான் சொல்வார்கள்."

"ஸ்பானிஷில் யாரை?"

படிப்பைக் காட்டாமலிருக்க நரியால் முடியவில்லை. "ஆசாபாசம் பார்க்காமல், அறிவால் மட்டும் நடப்பவரை."

"அது நீதானே தம்பி! சரி, அதன் ஆதி வேருக்கு என்ன பொருள்?"

"தலை... கொம்பு," என்று முனகியது நரி. "ஆனால் மூளைக்காரனுக்கு முட்டல் எதற்கு, குட்டி? கொம்பை மறந்துவிட்டு வா."

குட்டி தலையைக் குனிந்து, புதிதாக முளைத்த இரு கொம்புகளையும் நரியின் பக்கம் திருப்பியது.