மீட்டருக்கு மூணு கொட்டேஷன்

மூன்று கடையிலிருந்தும் கொட்டேஷன் வந்திருந்தது. மூன்றிலும் ஒரே மல்ட்டிமீட்டர், ஒரே விலை. ஒரு ரூபாய் முன்னே பின்னே இல்லை.

மில்லின் பர்ச்சேஸ் மேனேஜர் சுருளியாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருடனைப் பிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. திருடன் இல்லாத ஊரிலும் ஒருவனை உண்டாக்கிப் பிடித்துவிடுவார்.

"எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லு."

பேச்சிமுத்து வந்தான். வலது கையில் கட்டு. போன வாரம் மோட்டார் பேனலில் சப்ளை பார்க்கும்போது, பழைய மீட்டர் கையிலேயே வெடித்திருந்தது. விலை குறைவு என்று அதை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் சுருளியாண்டிதான். அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்துவதில்லை.

"முதலாளி எனக்குக் குடுத்திருக்கிற வரம்பு எம்புட்டோ, சரியா அம்புட்டு விலை போட்டிருக்கான் மூணு பேரும். வரம்பை அவங்களுக்கு யாருய்யா சொன்னது?"

"நான்தான் சார். அதுக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்னு சொல்லிட்டு வரச் சொன்னீகள்ல?"

"பழைய மாதிரி விலை கம்மியான மட்ட மீட்டருக்கு ஒருத்தனும் விலை போடலையே?"

"நான்தான் போடாதீகன்னு கேட்டுக்கிட்டேன் சார். நானூத்தி நாப்பது வோல்ட்டு பேனலுக்கு, 'CAT III'ன்னு பாதுகாப்புத் தரம் போட்ட மீட்டர்தான் தாங்கும்."

"பூனையா இருந்தா என்ன, கோம்பை நாயா இருந்தா என்ன? வோல்ட்டைக் காட்டினாப் போதும்யா. சரி, உனக்கு எவ்வளவு கமிஷன்?"

பேச்சிமுத்துவுக்குக் கை வலியை விட அது அதிகமாக வலித்தது.

"வண்டியில ஏறு."

உத்தமபாளையம் பஜாரில் ஜெய்லானியும் முஜிபுர் ரஹ்மானும் எதிரெதிர்க் கடை. ஒருவர் கடைக்குப் போகிற ஆளை மற்றவர் ரோட்டிலேயே மறித்துவிடுவார். மூன்றாவது கடைக்காரர் ராக்கையா இருவரையும் தினமும் திட்டாமல் ஷட்டரைத் திறக்க மாட்டார். இன்றைக்கு மூவரும் ஜெய்லானி கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கையும் களவுமா மாட்டினீகளா?" என்றபடி மேனேஜர் உள்ளே நுழைந்தார். "மூணு பேரும் கூடிப் பேசித்தான விலை போட்டீக?"

"ஆமா சார்" என்றார் ஜெய்லானி.

மறுப்பார்கள் என்று நினைத்து மேனேஜர் வழியெல்லாம் வசனம் யோசித்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாகப் போயிற்று.

"மட்ட மீட்டர் உங்க கடையில இல்லையா பாய்?"

"இருக்கு சார். ரேடியோவுக்கு பேட்டரி பாக்கக் கேளுங்க, இப்பவே தர்றேன். மில்லு பேனலுக்குத் தர மாட்டோம். உள்ள ஒழுங்கான ஃபியூஸ் கெடையாது, ஒயரும் நூலு கணக்கா இருக்கு. பேச்சிமுத்து கையப் பாத்தீகள்ல?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு" என்று சிரித்த மேனேஜர் செல்போனை எடுத்தார். "நீங்க சரக்கு எடுக்கிறது மதுரை ஹோல்சேல் அம்மாவாசி அண்ணன்கிட்டதான? அவர்கிட்டயே இதோட விலையைக் கேட்டுருவோம்."

ஜெய்லானி சட்டென்று எழுந்துவிட்டார்.

"போன் மட்டும் வேணாம் சார். அவருக்கு இது தெரிய வேணாம்."

முஜிபுர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ராக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேனேஜருக்கு இதைவிட என்ன வேண்டும்? "பயமா இருக்குல்ல? அவரு ஒரு ரூபா கம்மியாச் சொன்னாலும் மூணு கடைக்காரனும் இனி மில்லு வாசல்ல கால் வைக்கக் கூடாது. பேச்சிமுத்து, நீ நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம்."

எந்தச் சாமானும் மதுரையில் விலை குறைவு என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 'கையும் வெந்து வேலையும் போச்சா' என்று வீட்டில் மனைவி ஜக்கம்மா கேட்கப் போவது பேச்சிமுத்துவுக்கு இப்போதே காதில் விழுந்தது.

எல்லாரும் கேட்கட்டும் என்று மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டார். மீட்டரின் பெயரைச் சொன்னார். கொட்டேஷனில் இருந்த விலையை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"இங்கன மூணு கடைக்காரங்க கூட்டுச் சேந்து இந்த விலை போட்டிருக்காங்க. நீங்க என்ன விலைக்குத் தருவீக?"

அம்மாவாசியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"விலையை இன்னொருக்காச் சொல்லுங்க சார்."

மேனேஜர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"அந்த விலைக்குக் கம்பெனிக்காரனே எனக்குத் தர மாட்டானே சார். எந்தக் கடைன்னு சொல்லுங்க, நானே வந்து அம்பது பீஸ் எடுத்துக்கிறேன்."