மகள் வரைந்த தெரு

பல்கலைக்கழகத்தில் நீர் மேலாண்மை படிக்கும் மகள், கடைசி வருட ஆய்வுக்காக வரைந்த தெருப்படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

"மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கிட்டோம்னா, பத்தே வருஷத்துல நம்ம தெருவுல எல்லாக் கிணறும் ஊறிடும்ப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கிணறுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. குடத்தோடு யாரும் வெயிலில் நிற்கவில்லை. தெரு முழுக்க ஈர மண் வாசம்.

"என்னப்பா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. நீ வரைஞ்ச தெருவுல நடந்துட்டிருந்தேன். சீக்கிரம் படிச்சு முடி."

"முடிச்சு, அது நடந்துட்டா உங்க பொழப்பு என்னாகும்?"

"நிம்மதியாத் தூங்குவேன்" என்று சிரித்தபடி சாவியோடு வெளியே போனார்.

தண்ணீர் லாரியில் ஏறி அவர் மூன்று முறை ஹாரன் அடித்ததும், தெருவே குடங்களோடு ஓடி வந்தது.