குற்றமற்ற கடல்

மனசாட்சி உள்ள மனிதனுக்கு இந்தப் பூமியில் இறங்கிக் குளிக்க ஒரு கடல்கூட மிச்சமில்லை.

அவர் இதைச் சொன்னபோது வாயில் பக்கோடா இருந்தது. மனசாட்சி கொஞ்சம் எண்ணெயோடுதான் வெளியே வந்தது.

மனைவி அடுத்த ஈட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஸ்நோர்க்கெலிங் கண்ணாடி. வாங்கி மூன்று மாதமாகிறது. இன்னும் கடலைக் காணவில்லை. இப்போதைக்கு வெங்காயத்துக்கு உதவுகிறது. கண் எரிவதில்லை.

முட்டிவலிக்கு நீந்தச் சொன்னவர் டாக்டர். ஐம்பத்தோராம் வயதில் மாநகராட்சிக் குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய காலை நேரத்தில் கற்றுக்கொண்டாள். முட்டிவலி அப்படியே இருக்கிறது. ஆசைதான் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது.

வாயில் குழாயை வைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மிதக்க வேண்டும். பவளப்பாறைக்கு நடுவே மீன் போவதைப் பார்க்க வேண்டும்.

அவரோடு பார்க்க வேண்டும்.

அவர் வராவிட்டால் குளத்துத் தோழிகளோடு போவதாகச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் இல்லாமல் அவள் போன தூரம், சமயபுரம்.

அவர் வங்கி ஊழியர் சங்கத்தில் துணைச் செயலாளர். ஆகவே ஒவ்வொரு கடலாக வாக்கெடுப்பில் தோற்றது.

மாலத்தீவைப் போன வருடமே புறக்கணித்தாயிற்று. அதற்கு முன்பு அங்கே போகும் உத்தேசம் இருந்ததா என்பது வேறு விஷயம். அந்தமானில் சிறைக்கொட்டடிக்குப் பக்கத்தில் உல்லாசம் கூடாது. லட்சத்தீவு மக்களின் கண்ணீரில் மிதக்க முடியாது. செங்கடலுக்கு அவர் வாயைத் திறக்கவேயில்லை. போர்ச் செய்தி மேலே தெரியும்படி செய்தித்தாளை மடித்து அவள் முன்னால் வைத்தார், அவ்வளவுதான்.

மிச்சம் திருகோணமலை.

போர் முடிந்தும் யார் மண் என்கிற வழக்கு முடியாத ஊர். அந்தத் தீவில் கால் வைக்க மாட்டேன் என்று பதினைந்து வருடத்துக்கு முன்பு உண்ணாவிரதப் பந்தலில் அவர் சபதம் செய்திருந்தார். நல்ல மழை. கூட்டம் கலைந்துவிட்டது. மைக் செட்காரர் மட்டும் முழுதாகக் கேட்டார். வயரைச் சுருட்ட வேண்டியிருந்தது.

ஆனாலும் சபதம் சபதம்தான்.

அவள் கத்தியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் விடுதியும் மூன்று படகும் வைத்திருக்கிற சுகந்தினியின் எண். குளத்துத் தோழி ஒருத்தி கொடுத்தது. ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தாள்.

"நீங்களே கேட்டுருங்க. அவங்க வரவேணாம்னு சொன்னா விட்டுடலாம்."

அவர் தொண்டையைச் செருமினார். வேட்டியைச் சரிசெய்தார். போனுக்கு வேட்டி தெரியாது.

"தங்கையே, தமிழ்நாட்டிலிருந்து பேசுகிறேன்."

"சொல்லுங்கோ அண்ணை. ஏசி ரூமோ, ஃபேனோ?"

"அதற்கு முன்னால் ஒன்று. இவ்வளவு ரத்தம் சிந்திய உங்கள் மண்ணில் உல்லாசத்துக்காக எங்கள் கால் படலாமா? உங்கள் மனம் அதை ஏற்குமா?"

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது.

"கால் படுறதுக்கென்ன அண்ணை? செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ. படகில போற தீவுக்கரை முழுக்கப் பவளக்கல்லு. குத்தும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கண்ணாடியில் ஆவி படிந்தது.

அவர் விடவில்லை. புறக்கணிப்பு என்றார். அறம் என்றார். சுகந்தினி பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு இது முதல் போன் இல்லை போலிருக்கிறது.

"வரமாட்டம் எண்டு நீங்கள் சொல்லலாம் அண்ணை. நாங்கள் அப்பிடிச் சொல்லேலாது. இங்கதானே இருக்கிறம்."

குரலில் கோபம் எதுவும் இல்லை.

எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

அவர் பக்கோடாத் தட்டைப் பார்த்தார். கையில் எடுத்ததைத் திரும்ப வைத்தார்.

"அப்ப எத்தினை பேர் எண்டு எழுத அண்ணை?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. ஒன்று என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு," என்றார் அவர்.

பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைத்தார். துணி துவைக்கிற இடத்துக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார்.

சங்கத்தில் அவர் தாழ்ந்த குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, தலையைத் தண்ணிக்குள்ள விடாம, படகுல உக்காந்தபடியே மீன் தெரியுமா?"

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் அவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.