அமெரிக்க அலமாரி

"அங்கேயே நில்லுங்கோ மேஸ்திரி! சமையல் உள்ளுக்குள்ளே காலை வைக்கப்படாது" என்றாள் ஜானு.

வந்தவர் வாசற்படிக்கு வெளியே அப்படியே நின்றார். தோளில் ஒரு சுருள் கயிறு. கையில் உளியும் சுத்தியலும் துருத்திக்கொண்டிருந்த கோணிப்பை. அவருக்குப் பின்னால் மூன்று மரப்பெட்டிகள், ராயப்பேட்டைப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவை.

"அம்மா, நானு..."

"ஒண்ணும் பேச வேண்டாம். காலம்பரதான் அலம்பி விட்டிருக்கேன். மடி. நீங்க வெளியிலே நின்னுண்டு சொல்லுங்கோ, இவர் பண்ணுவார்."

'இவர்' என்பது வேதாந்தம். பௌதிகத்தில் பி.ஏ. சர்க்கார் உத்தியோகம். காலண்டர் மாட்ட ஒருமுறை ஆணி அடித்தார். காலண்டர் இப்போது மேஜைமேல் இருக்கிறது.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஜானு அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். முகப்புச் சட்டமே இல்லாத பெட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டி, சமையலறைச் சுவரில் வரிசையாக. அப்படி ஓர் அலமாரி வரும்வரை பிறந்தகம்தான் என்று திருவல்லிக்கேணிக்குப் போய்விட்டாள். அவள் அண்ணாதான் பட்டறையில் சொல்லிச் செய்ய வைத்தார். "பெரிய மேஸ்திரி. அவர் வந்து மாட்டிவிடுவார்" என்று அவர் சொன்னதை நம்பி இன்று காலை வந்திருந்தாள். டிரங்குப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ளே சுவத்துல ஏறலைன்னா நான் கிளம்பிடுவேன்" என்றாள்.

வேதாந்தத்துக்கு ஓட்டல் சாம்பார் ஞாபகம் வந்தது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிகளை உள்ளே இழுத்தார். ஜானு பின்னாலேயே தண்ணீர் தெளித்தாள்.

"முதல்லே என்ன பண்ணணும், மேஸ்திரி?"

வந்தவர் தலையைச் சொறிந்தார். "மூணும் ஒட்டிக்கினு நிக்கணும், அதானே சாமி?"

"ஆமாம்."

"அப்ப ஒட்டி வையுங்க."

வைத்தார். "நடுப் பொட்டி மூக்கை நீட்டிக்கினு கீது" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அதை உள்ளே தள்ளினால் அடுத்தது வெளியே வந்தது.

"ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு நகர்றதே!"

வந்தவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. கயிறு பறந்து வந்து உள்ளே விழுந்தது. "மூணையும் சேத்து சுத்துங்க சாமி. இப்டி ஒரு முடிச்சு. நடுவுல கட்டையச் சொருகி முறுக்குங்க. மௌண்ட் ரோடு பூரா குலுக்கினாலும் அசையாது."

அசையவில்லை. ஜானு கயிற்றின்மேலும் தண்ணீர் தெளித்தாள்.

"பெட்டியோட பெட்டியைப் பிணைக்க எந்த ஸ்க்ரூ?"

"பை நெறைய கீது சாமி. எது புடிக்குதோ எடுத்துக்குங்க."

வேதாந்தம் மனைவியைப் பார்த்தார். "உங்களைப் பரீட்சை பண்றார், ன்னா. பெரிய மேஸ்திரியெல்லாம் இப்படித்தான்" என்று அவள் கிசுகிசுத்தாள்.

அவருக்கு நீளமானது பிடித்திருந்தது. அது பக்கத்துப் பெட்டிக்குள் போய் மூக்கை நீட்டியது. "சின்னதா எடுங்க" என்றார் வந்தவர். அது சரியாகப் பிடித்தது.

பைக்குள்ளிருந்து ரசமட்டம் வந்தது. "குமிழி நடுவிலே நிக்கணும், இல்லையா?" என்று பி.ஏ. கேட்டது.

"நின்னா நல்லாத்தான் கீது சாமி."

பிறகு சுவரைக் குடைந்தார். மரத்துண்டுகளை அடித்து இறக்கினார், கட்டைவிரலையும் சேர்த்து. ஒருமுறை வெளியிலிருந்து, "சாமி, வண்டி தெருவுல நிக்குது..." என்று மெதுவாகக் கேட்டது. "நிக்கட்டும்! பாதியிலே விட்டுட்டுப் போறதாவது!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பெட்டிகளை இருவருமாகத் தூக்கினார்கள். "முதுவை வளைக்காதீங்க. முட்டியை மடக்கித் தூக்குங்க. அப்டித்தான், அப்டித்தான்!" வெளியே நின்றவருக்கும் வேர்த்தது.

வெயில் தாழ்வதற்குள் அலமாரி சுவரில் நின்றது. வேதாந்தம் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார். விழவில்லை.

ஜானு ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்து மூடினாள். அப்புறம் கூடத்துக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை வெளியே எடுத்தாள். வேதாந்தம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வந்தவருக்கு லோட்டா நிறையக் காப்பி கிடைத்தது.

"அபாரம் மேஸ்திரி! எங்க அண்ணா ஆத்துலேயும் இதே மாதிரி வேணுமாம். நாளைக்கே திருவல்லிக்கேணிக்கு வந்துடுங்கோ."

அவர் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்து, லோட்டாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு சாமியவே இட்டுக்கினு போங்கம்மா. நானு கைவண்டி இழுக்கிறவன். இந்தப் பை மேஸ்திரியோடது. அவரு நாளைக்கித்தான் வராரு."