முதல் படிக்கு அவர் வரமாட்டார்

“யாருய்யா வந்தது?”

செயலாளர் நோட்டை விரித்து மேஜை மேல் போட்டார். எதிரே லாண்டரிக்காரர் கைகட்டி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, வெளிறிய முகத்தோடு.

அந்தத் தியான சபையில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நோட்டு உண்டு. தினமும் தியானத்தில் கிடைத்த அனுபவத்தை எழுதி, மாதக் கடைசியில் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் ‘மனம் அடங்கியது’, ‘கால் மரத்தது’ என்று அடக்க ஒடுக்கமாக எழுதியிருக்க, இந்த மனிதர் முப்பது நாளும் ஒரே வரிதான் எழுதியிருந்தார். ‘இன்றும் கடவுள் வந்தார்.’

சபையில் சேர்ந்து நாலு மாதம் ஆகவில்லை. முதல் படியே முடிக்கவில்லை. மூன்றாம் படி முடித்தவர்களுக்குத்தான் தரிசனம் என்று விதிப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. அந்த மூன்றாம் படிக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுப்பவர் செயலாளர். இதுவரை அவர் கையெழுத்து இல்லாமல் கடவுள் யாரிடமும் வந்ததில்லை.

“முதல் படிக்காரனுக்கு அவர் எப்படிய்யா வருவார்?” என்று சபைத் தலைவர் அதட்டினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், விசாரணை என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

“தெரியலை சார். அவருக்கு நம்ம விதி தெரியாதோ என்னவோ.”

கிண்டலா? செயலாளர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை. அதுதான் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. போட்டிச் சபைக்காரர்கள் அனுப்பிய ஆளோ என்று ஒரு வாரமாக விசாரித்துவிட்டார். இரண்டு நாள் விடியற்காலையில், பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி கடைக்கு எதிரே நின்றுகூடப் பார்த்தார். உதடு அசைய அசைய ஒரு ஆள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஆசாமி கழுவுற மீனில் நழுவுற மீன்.

“எத்தனை மணிக்கு வருவார்?”

“அஞ்சு, அஞ்சரை இருக்கும் சார். மூணாவது சட்டையை எடுக்கிறப்போ வந்திருப்பார்.”

“இஸ்திரி போட்டுக்கிட்டா தியானம் பண்றே?” தலைவர் துள்ளினார். “எழுதிக்குங்க செயலாளர், கண்ணையே மூடலையாம்!”

“கண்ணை மூடினா கையைச் சுட்டுக்குவேன் சார்.”

செயலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “என்ன ஒளி தெரிஞ்சுது? நீலமா, மஞ்சளா?”

“ஒளியெல்லாம் எதுவும் இல்லை சார்.”

“சத்தம்? மணி அடிக்கிற மாதிரி?”

“இல்லை சார்.”

“சரி, என்னதான் சொன்னார்?”

“நான்தான் சார் பேசிக்கிட்டிருப்பேன். இடுப்பு வலிக்குது, செத்துப்போன எங்க பொண்ணு நினைப்பாவே இருக்குதுன்னு. அவர் கேட்டுக்கிட்டிருப்பார்.”

செயலாளருக்குப் பிடி கிடைத்துவிட்டது. “ஒளி இல்லை. சத்தம் இல்லை. பேச்சும் இல்லை. அப்புறம் அவர் வந்தார்னு உனக்கு எப்படித் தெரியும்?”

லாண்டரிக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறோம். கதவைத் தள்ளினதுமே, உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடுது இல்லீங்களா? யாரும் குரல் கொடுக்க வேண்டாமே. அந்த மாதிரிதான் சார்.”

தலைவர்கூடத் தன் பின்னால் இருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பொய். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். செயலாளர் நோட்டை மறுபடி புரட்டினார். இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது, கைக்குத்தான் அகப்பட மாட்டேன் என்கிறது.

“வளவளன்னு பேச்சு வேண்டாம்” என்று தலைவர் ஒரு தாளைத் தள்ளினார். “‘நான் எழுதியதெல்லாம் கற்பனை’ன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் பேரையும் எடுத்துடுவோம்.”

மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். “போட்டுடுங்க. பொண்ணு போனதிலேருந்து, இங்கே எல்லாரோடயும் சேர்ந்து பாடற அந்த ஒரு மணி நேரம்தான் நான் மூச்சு விடறேன். அதையும் இழந்துட்டா நான் எங்கே போவேன்?”

லாண்டரிக்காரர் அவளைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

தலைவருக்கே சப்பென்று போய்விட்டது. “என்னப்பா, அவ்வளவு சுலபமாப் போட்டுட்டே? நாளைக்கு அவர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“அவருக்கு என் சம்சாரத்தையும் தெரியும் சார்.”

இருவரும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறினார்கள்.

“பார்த்தீங்களா செயலாளர், கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்! புளுகு எத்தனை நாளைக்கு நிக்கும்?” தலைவர் தாளைக் கோப்பில் சொருகினார்.

நிமிர்ந்து பார்த்தால் செயலாளரின் நாற்காலி காலி.

அவர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார். தெருமுனையில் போய்த்தான் அவர்களைப் பிடிக்க முடிந்தது.

“கொஞ்சம் நில்லுங்க.”

மனைவி பயந்துபோய் ஒதுங்கினாள். “இன்னும் ஏதாவது கையெழுத்து போடணுமா சார்?” என்றார் லாண்டரிக்காரர்.

செயலாளர் சபைக் கட்டடத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நான் இருபத்தாறு வருஷமா உட்கார்றேன். என் நோட்டுல இருக்கிறதெல்லாம் நானா எழுதினது. ஒரு நாள்கூட யாரும் வந்ததில்லை.” அவர் ஒரு அடி கிட்டே வந்தார். “நாளைக்கு நான் உங்க கடைக்கு வந்து ஓரமா நின்னா… அவர் வராம போயிட மாட்டாரே?”